கொட்டலசின் குலவரலாறு

கடலோரத்தில் வாழ்வோர் கொட்டலசை அறியாதிருக்க இயலாது. மும்பைக் கரையிலே, அலை வற்றிய வேளையில், பாறைகளின்மீது வெறுங்காலுடன் நடந்து பார்த்தவர்க்கு அதன் கூர்மை நன்கு தெரியும். உச்சி திறந்த சிறு குன்று போன்ற சுண்ணாம்புக் கூடு. அதன் வாயை மூடி நிற்கும் சிறு தகடுகள். கப்பலின் அடிப்புறத்திலும், துறைமுகத் தூண்களிலும், ஆமையின் முதுகிலுங்கூட அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலேயர் இதனைப் பார்னக்கிள் என்பர். பார்வைக்குச் சிப்பியின் சுற்றம் போலத் தோன்றினும், உண்மையில் இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவாகும். இவ்வுண்மையைக் காண மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. கண்ட பின்னரும், இதன் இனங்களைப் பிரித்துப் பெயரிடும் வேலை இன்றளவும் முடிந்தபாடில்லை.

கொட்டலசில் காம்புடைய வகையும் உண்டு. மிதக்கும் மரங்களிலே அது கொத்துக் கொத்தாய்த் தொங்கும். 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்னும் பாதிரியார், ஒருவகை வாத்து இவற்றிலிருந்தே பிறக்கிறது என்று குறித்து வைத்தார். முட்டையிற் பிறவாத பறவையின் ஊன் ஊனாகாது என்று கூறி, நோன்பு நாட்களில் அதனை உண்டவர்களும் இருந்தனர்! நாம் நகைக்கலாம். ஆனால் அந்த வாத்து வடதுருவப் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் மட்டுமே அயர்லாந்துக்கு வருவது. அதன் கூட்டை அந்நாட்டார் எவரும் கண்டதில்லை. கண்ணிற் பட்டதைக் கொண்டு காணாததை நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

அறிஞர்களும் புறத்தோற்றத்தைக் கண்டே மயங்கினர். சுவீடனின் லின்னேயஸ் 1758இல் இதனை ஓடுடைய புழுக்களோடு சேர்த்தார். பிரான்சின் குவியே நத்தை, சிப்பி முதலிய மெல்லுடலிகளின் வரிசையில் வைத்தார். தீர்ப்பை மாற்றியவர் ஜான் வாகன் தாம்சன் என்னும் இராணுவ மருத்துவர். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தருகே 1826இல் அவர் வலையில் சிக்கியவை, காலும் கண்ணும் படைத்து நீந்தித் திரிந்த நுண்ணுயிர்கள். கடல்நீரிலே இட்டு வைத்தார். சில நாட்களில் அவற்றுட் சில பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டன, தோலை உரித்தன, கொட்டலசாகி நின்றன. இச்செய்தியை அவர் 1830இல் வெளியிட்டார். நண்டின் குலத்தார்க்கே உரிய இளம்பருவம் இதற்கும் உண்டென்பது வெளிப்பட்டது. தக்க இடம் கிடைத்ததும் குஞ்சு தன் தலைப்புறத்தைப் பசையால் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தலைகீழாகக் கிடந்து, இறகு போன்ற கால்களால் நீரைத் துழாவி உண்கிறது.

குலம் தெளிவாயிற்று, இனங்களோ பெருங்குழப்பமாகவே கிடந்தன. இங்குத்தான் சார்லஸ் டார்வின் வருகிறார். 'பீகிள்' கப்பலிற் சென்றபோது, 1835 ஜனவரியில், சிலி நாட்டுச் சோனோஸ் தீவுகளில் ஒரு கடல்நத்தையின் ஓட்டை அவர் எடுத்துப் பார்த்தார். ஓட்டிலே நுண்ணிய துளைகள். துளைகளுக்குள் கூடே இல்லாத கொட்டலசுகள். 1846 அக்டோபரில் அந்த ஒன்றை மட்டும் விவரித்து முடித்துவிடலாமென அமர்ந்தார். அதனை ஒப்பிட வேறொன்று வேண்டும். அதற்கு இன்னொன்று வேண்டும். இப்படியே எட்டு ஆண்டுகள் ஓடின. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் எட்வர்டு கிரே தம் பொறுப்பிலிருந்த தொகுதி முழுவதையும் அவர் வீட்டுக்கு அனுப்ப வழிசெய்தார். டார்வினின் பிள்ளைகளுள் ஒன்று அயல்வீட்டாரைக் குறித்து, "அந்த அப்பா கொட்டலசு வேலையை எங்கே செய்வார்?" என்று வினவியதாக ஒரு கதை வழங்குகிறது. எல்லாத் தந்தையர்க்கும் அதுவே தொழில் என்று குழந்தை எண்ணியது போலும்!

1851இலும் 1854இலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன. உயிருள்ளவை இரண்டு தொகுதி. கல்லாய்ப் போனவை இரண்டு. பெரும்பாலான கொட்டலசுகளில் ஓருடலிலேயே ஆண்மையும் பெண்மையும் அமைந்திருக்க, இப்லா என்னும் பேரினத்தில் பெண்ணின் உடலோடு ஒட்டிக் கிடந்த அணுவளவான ஆணை அவர் கண்டறிந்தார். தவறியதும் உண்டு. ஒட்டும் பசை சுரக்கும் உறுப்பைச் சூலகத்தின் பகுதி என்று கருதிவிட்டார். கிரோன் என்னும் ஜெர்மானியர் பின்னர் அதனைத் திருத்தியபோது, தம் பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் அவரைப் பெரிதும் வருத்தியது வேறொன்று. ஒரே இனத்துக் கூடு, நெருக்கத்தில் வளர்ந்தால் குழாய்போல நீளும். தனித்து வளர்ந்தால் பரந்து தாழும். நிறமும் நிலைப்பதில்லை. ஒரு தொகுதியைத் தனித்தனி இனங்களாக எழுதுவார், கிழித்தெறிந்து ஒரே இனமாக்குவார், மறுபடியும் பிரிப்பார். நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வவதியைக் கூறி நொந்துகொண்டார். வெப்பக் கடல்களெங்கும் காணப்பட்ட ஒன்றற்கு 1854இல் பலானஸ் ஆம்பிட்ரைட் என்று பெயரிட்டு, அதனுள் ஒன்பது வகைகளை அடக்கினார். நம் துறைமுகங்களில் மிகுதியாய் ஒட்டுவதும் இப்பெயருக்குரியதே.

இந்தியாவில் இவ்வாராய்ச்சிக்குக் கல்கத்தாவின் இந்தியன் மியூசியம் இருப்பிடமாயிற்று. 1907இல் அதன் கண்காணிப்பாளரான நெல்சன் அனன்டேல், காம்புடைய இந்தியக் கொட்டலசுகளைப் பற்றி 1909இல் விரிவாக எழுதினார். 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் ஆய்வுக்கப்பல் ஆழ்கடலிலிருந்து வாரிக் கொணர்ந்தவையும் அம்மியூசியத்துப் புட்டிகளில் சேர்ந்தன. அத்தொகுதியில் இருந்தவற்றைச் சுவீடன் நாட்டு நில்சன்-கான்டெல் ஆராய்ந்து 1938இல் நூலாக்கினார்.

கரையில் நின்று இனம் காண்பதெப்படி? முதலில் சுவரின் தகடுகளை எண்ணவேண்டும். டெட்ராக்ளிட்டாவுக்கு நான்கு. பலானஸுக்கும், பாறையின் மேல்மட்டத்தில் வெயில் தாங்கி நிற்கும் சிறிய தமாலஸுக்கும் ஆறு. இவ்விரண்டையும் தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்துள்ள முறையால் பிரிக்கலாம். அதற்குமேல் கூடு உதவாது. வாயை மூடும் ஸ்கூட்டம், டெர்கம் என்னும் தகடுகளைக் கழற்றித் துப்புரவாக்கி, உள்முகத்தையும் டெர்கத்தின் முள்ளையும் உருப்பெருக்கியில் நோக்கவேண்டும். உள்ளே மடிந்திருக்கும் கால்களையும் வாயுறுப்பையும் காண்பது இன்னும் நன்று.

இவ்வாறு நோக்கியதன் விளைவு பெரிது. 1962இல் ஹார்டிங் என்பவர் டார்வின் கையாண்ட அதே மாதிரிகளை எடுத்து மறுபடியும் ஆராய்ந்தார். ஒன்பது வகைகளாய் ஒரே பெயரில் கிடந்தவற்றுள் வெவ்வேறு இனங்கள் இருந்தமை தெரிந்தது. 1967இல் ஜப்பானின் உதினோமி, வலைபோலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் ஒன்றை ரெட்டிகுலேட்டஸ் என்று தனி இனமாக்கினார். ஆம்பிட்ரைட்டின் முள் அகன்று மழுங்கியது. இதன் முள் ஒடுங்கிக் கூரியது. 1975இல் ஹென்றியும் மெக்லாலினும் இக்கூட்டம் முழுவதையும் ஒழுங்குபடுத்தினர். 2004இல் பிட்டொம்போ இவற்றை ஆம்பிபலானஸ் என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றினார்.

பெயர் மாறினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உண்டு. கப்பலின் அடியில் கொட்டலசு மண்டினால் வேகம் குன்றும், எரிபொருள் வீணாகும். ஆதலால் எந்தத் துறையில், எந்த மாதத்தில், எது ஒட்டுகிறது என்று பலகைகளை நீரில் தொங்கவிட்டுக் கணக்கெடுக்கிறார்கள். ரெட்டிகுலேட்டஸும் நம் கடல்களில் வாழ்வது. ஆகவே 1967க்கு முந்திய ஒரு குறிப்பில் ஆம்பிட்ரைட் என்று காணப்பட்டால், அது எதனைக் குறித்தது என்பதை ஏட்டை மட்டும் படித்து முடிவுசெய்ய இயலாது. எழுதியவர் மாதிரியைப் பாதுகாத்து, எடுத்த இடத்தையும் நாளையும் சீட்டில் எழுதியிருந்தால், இன்றும் புட்டியைத் திறந்து டெர்கத்தின் முள்ளைப் பார்த்துவிடலாம். எறிந்துவிட்டிருந்தால், அந்தக் கணக்கில் எஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே.