பளபளத்த துப்பாக்கி ஒளிந்துகொண்ட கதை



காக்கியைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி மேல் இலை, மரப்பட்டை படம் போட்ட வினைல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அது எத்தனை நாள் தாங்கும்?" சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. துப்பாக்கியை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு காலத்தில் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாய் தூக்கிய 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட்டின் குழல் வெள்ளிபோல மின்னும். செங்கல் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவன் அன்றாட வேலை. நம் மண்ணில் பாளையக்காரர்களோடு மோதிய கம்பெனிப் படையின் கையில் இருந்ததும் இதே வகைத் துப்பாக்கிதான். மேலே சிவப்புச் சட்டை வேறு. ஏன் இப்படி? அந்தத் துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறும். வரிசையாக நின்று ஒன்றாகச் சுட்டால்தான் பலன். கரும்புகை எழும்பிக் களமே மறைந்துவிடும். அந்தப் புகையில் தன் ஆள் யார் என்று தெரிவதே முக்கியம். பளபளப்பைப் பார்த்து எதிரி மிரண்டால் அது கூடுதல் லாபம்.

1800இல் பிரிட்டன் ஒரு சோதனைப் படையை அமைத்தது. சிவப்புக்குப் பதில் கரும்பச்சைச் சட்டை. கையில் பேக்கர் ரைஃபிள். அதன் குழல் மின்னாது, பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு பெயின்ட் அல்ல. அமிலம் தடவி, இரும்பைக் கொஞ்சமாகத் துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, எண்ணெய் பூசி நிறுத்திவிடுவார்கள். அந்த மெல்லிய துருவே மேற்கொண்டு துருப்பிடிக்காமல் காக்கும், வெயிலில் மின்னாமலும் பார்த்துக்கொள்ளும். நிறம் இரும்போடு இரும்பாக ஆகிவிடுவதால் எளிதில் உரியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து துணி. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் 'கைட்ஸ்' படையைத் திரட்டினார். சில ஆண்டுகளில் அந்தப் படை மண் நிற உடைக்கு மாறியது. 'காக்' என்றால் பாரசீகத்தில் புழுதி. அதிலிருந்து வந்த சொல்தான் காக்கி. யோசனை நல்லதுதான், ஆனால் சாயம் நிற்கவில்லை. 1857 கலகத்தின்போது வெள்ளைச் சீருடையைத் தேயிலைச் சாற்றில்கூட முக்கினார்கள். நாலு துவைப்பில் வெளுத்துப்போகும். ஒரே படையில் பத்து விதக் காக்கி! 1884இல் இங்கிலாந்தில் சாயம் போகாத காக்கிக்குக் காப்புரிமை கிடைத்த பிறகுதான் அது படை முழுவதற்கும் ஏற்றதாயிற்று. 1902இல் பிரிட்டிஷ் ராணுவம் தாய்நாட்டிலும் காக்கிக்கு மாறியது.

மாறாதவர்கள் என்ன ஆனார்கள்? 1914இல் பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போனது. அந்த ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். இதற்குச் சிவப்பு நிறம் மட்டும் காரணம் என்று சொல்லக்கூடாது. இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் திறந்தவெளியில் முன்னேறும் போர் முறையும் சேர்ந்து கொன்றன. ஆனால் பழம்பெருமையை விட மனமில்லாததற்கு அந்தக் கால்சட்டை ஓர் அடையாளமாக நின்றுவிட்டது.

அடி வாங்கிய பிரான்ஸே வேகமாகப் பாடம் கற்றது. 1915இல் கிராண்ட் தெ செவொலா என்ற ஓவியரின் தலைமையில் தனி மறைப்புப் பிரிவு உருவானது. பீரங்கிகள் மேல் வண்ணம் தீட்டிய கித்தான்கள் விரிந்தன. 'கேமஃப்ளாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல் உலகெங்கும் பரவியது அப்போதுதான். பதுங்கிச் சுடுபவர்கள் துப்பாக்கியின் மேல் சாக்குத்துணி சுற்றினார்கள். மின்னும் உலோகமும் நேரான குழலும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இயற்கையில் அவ்வளவு நேர்க்கோடு ஏது? சாக்கு நனையும், நாறும், கிழியும். கிழிந்தால் வேறொன்று. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யப் பனியில் டாங்கிகளுக்கு வெள்ளையடித்தார்கள். வசந்தம் வந்ததும் கழுவிவிட்டார்கள். பனி உருகிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை, ஆளைக் கொல்லும் அல்லவா? அங்கே நிலைக்காமல் இருப்பதே அதன் குணம்.

இப்போது வினைலுக்கு வருவோம். 1926இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன், விறைப்பான பி.வி.சி.யை வளையும் பொருளாக்கினார். 1980களில் ட்ரீபார்க், ரியல்ட்ரீ, மோஸி ஓக் என்று மரப்பட்டை, இலை வடிவங்கள் அமெரிக்க வேட்டைக்காரர் சந்தைக்கு வந்தன. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய துப்பாக்கி ஸ்டிக்கர்.

எவ்வளவு தாங்கும்? நம் ஊர் பைக் ஸ்டிக்கர் கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம்தான். வினைலில் இரண்டு ரகம். உருளைகளுக்கிடையே இழுத்துத் தயாரிப்பது விலை குறைவு. ஆனால் இழுபட்டது பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும், ஓரம் சுருங்கும். திரவமாக ஊற்றி உலர்த்தித் தயாரிப்பது மெல்லியது, வளைவில் படிந்து நிற்கும், வெளியில் பல ஆண்டுகள் தாங்கும். ஒட்டும் முன் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. ஆல்கஹாலால் துடைத்து, சூடு காட்டி, வளைவில் மெதுவாகப் படியவைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். துப்பாக்கிக்கு எண்ணெய் போடாமல் முடியாது. அந்த எண்ணெயும் சுத்தம் செய்யும் கரைப்பானும் ஓரத்தில் நுழைந்து பசையை இளக்கும். தொடர்ந்து சுட்டால் குழல் சூடாகி வினைல் இளகும். கைபிடிக்கும் இடமும் வார் உரசும் இடமும் முதலில் தேயும். அகலமான கட்டைப் பகுதியில் சில பருவங்கள் நன்றாக நிற்கும். மூலையில் சீக்கிரம் தூக்கும். தூக்கிய ஓரத்தில் ஈரம் புகுந்தால் அடியில் துரு பிடிக்கும், மேலே இலைப் படம் அழகாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. பேக்கர் ரைஃபிளில் துருவே காவல். இங்கே மறைப்புக்கு அடியில் அதே துரு பகை.

ஆகவே என் பதில் இது: ஒரு பருவத்துக்கு ஒட்டி, உரித்து, துடைத்து, வேறு நிலத்துக்கு வேறு படம் ஒட்ட நினைப்பவருக்கு வினைல் நல்லது. நிரந்தரம் வேண்டுமென்றால் உலோகத்திலேயே நிறம் ஏற வேண்டும்.

கடைசியாக ஒன்று. வரலாற்றில் நல்ல மறைப்பு என்று பெயர் வாங்கியவை எல்லாம் அழகானவை அல்ல. சேறு, தேயிலைச் சாறு, சாக்கு, சுண்ணாம்பு. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். நிறத்தை மாற்றத் தாமதித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் விலை கொடுத்தது அவர்கள்தான். பாடப்புத்தகத்தில் தேதியைப் படிக்கும்போது இதையும் நினையுங்கள்.

ஸ்டிக்கர் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், வினைல் பற்றி நான் விட்டுவிட்டதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எல்லோரும் கற்றுக்கொள்வோம்.