கிறிஸ்துமஸைத் தடுத்த கிறிஸ்தவர்கள்

டிசம்பர் 25-ஆம் நாள் கடையைத் திறக்க வேண்டும் என்று கிறிஸ்தவ அதிகாரி ஆணையிட்டார். திறக்கலாகாது என்று கிறிஸ்தவ மக்கள் கலகம் செய்தனர். இது கற்பனையன்று. 1647-இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் நடந்த வரலாறு.

அன்று இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டிருந்த காலம். பாராளுமன்றத்தில் பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதிகளின் கை ஓங்கியிருந்தது. ஏசுநாதர் பிறந்த நாள் இன்னதென்று பைபிள் கூறவில்லை. அதைக் கொண்டாடுமாறு கட்டளையிடவும் இல்லை என்பது அவர்களின் வாதம். டிசம்பர் 25-ஐப் பிறந்த நாளாகக் குறிக்கும் பழைய சான்று நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியைச் சேர்ந்தது. குடியும் சூதும் கூத்துமாய்க் கழியும் அந்நாள்களால் இறைவனுக்கு என்ன பெருமை என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நேர்மை இருந்தது.

1645-இல் வெளியான வழிபாட்டு நெறிநூல், வேதச் சான்றில்லாத திருநாள்களை விலக்கிற்று. 1647 ஜூன் மாதத்தில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டன. வேலையாள்களும் தொழில் பழகும் இளைஞர்களும் ஓய்வை இழக்கலாகாது என்று, மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுமுறையாக்கப்பட்டது. இத்தடையை ஆலிவர் கிராம்வெல் தலையில் சுமத்துவோர் உண்டு. அவர் ஆட்சித் தலைவரானது 1653-இல்தான்.

அவ்வாண்டு டிசம்பரில் கேன்டர்பரி நகரத் தலைவர், சந்தை வழக்கம்போல் நடக்க வேண்டும் என்றார். சில கடைகளே திறந்தன. திரண்ட கூட்டம் அவற்றின் சரக்குகளைத் தெருவில் வீசியது. நகரத் தலைவரையும் கீழே தள்ளியது. கலகக்காரர்களைக் குற்றஞ்சாட்ட நடுவர் குழு மறுத்தது. அந்தக் கொந்தளிப்பு 1648-இல் கென்ட் மாநிலத்தின் பெருங்கிளர்ச்சியாக வளர்ந்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் தடைச் சட்டம் செல்லாததாயிற்று.

கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய தூய்மைவாதிகளின் கதையைக் காண்போம். 1621-இல் பிளிமத் குடியேற்றத்தில், கிறிஸ்துமஸன்று வேலை செய்வது தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று புதிதாக வந்தோர் சிலர் கூறினர். ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு இசைந்தார். நண்பகலில் வேலையிலிருந்து திரும்பியவர், அவர்கள் தெருவில் விளையாடுவதைக் கண்டார். பிறர் உழைக்க நீங்கள் விளையாடுவது என் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று சொல்லி, விளையாட்டுக் கருவிகளைப் பறித்துக்கொண்டார். பக்தியாயின் வீட்டுக்குள் இருங்கள் என்பது அவர் சொன்ன முடிவு.

மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. 1681-இல் அச்சட்டம் நீங்கியது. ஆயினும் மக்கள் உடனே பண்டிகையின் பக்கம் திரும்பிவிடவில்லை. 1856-இல்தான் அது அங்கே பொது விடுமுறையாயிற்று. ஸ்காட்லாந்திலோ, 1640-இல் விடுமுறையைப் பாராளுமன்றம் நீக்கிய பின், அந்நாள் பொது விடுமுறையானது 1958-இல்! மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே பலருக்கு அது இன்னொரு வேலை நாளே.

ஒரே வாதம்; இருவேறு முடிவுகள். இங்கிலாந்தில் சட்டம் இருந்தும் பண்டிகை சாகவில்லை. மாசசூசெட்ஸில் சட்டம் மறைந்த பிறகும் பண்டிகை உடனே பிழைத்தெழவில்லை. காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாசசூசெட்ஸில் அந்த மறுப்பு மக்களின் சொந்த நம்பிக்கையாய் இருந்தது. கேன்டர்பரியில் அது மேலிருந்து இறங்கிய ஆணையாய் இருந்தது. கேன்டர்பரியில் கலகம் செய்தவர்கள் அனைவரும் வேத ஆராய்ச்சி செய்தவர்கள் அல்லர். ஆண்டு முழுதும் உழைத்த கைகளுக்குக் கிடைத்த ஓய்வையும், ஊர் கூடி உண்ணும் உணவையும் பறிகொடுக்க மறுத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அதற்கு ஈடாகவில்லை.

வழக்கமொன்றைத் தவறென்று கருதுவோர் அதனை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்களே. ஆனால் உள்ளத்தை வெல்லும் முன் ஊர்க்காவலரை அனுப்பினால், நேர்மையான கேள்வியும் கொடுமையாகவே மக்கள் காதில் விழும். கேன்டர்பரித் தெருவில் சிதறிய சரக்குகள் சொன்ன செய்தி அதுவே.