கூட்டத்தில் சேராதது எது?

இலங்கையில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்கு பழக்கமானது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சித் தாள்களில் நான்கு சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கிடையிலான பொதுத் தொடர்பைக் கண்டுபிடித்து, அதற்குள் அடங்காத ஒன்றின் கீழ்க் கோடிட வேண்டும். புகலிட நாடுகளின் பாடசாலைகளில் எமது பிள்ளைகளும் இதே புதிர்களைச் செய்கிறார்கள். பொழுதுபோக்கு என்ற அளவில் இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆனால் இது பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கடந்த நூற்றாண்டில் மனிதரை மனிதர் அளந்து தரம்பிரித்த அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

1905இல் பாரிசில் அல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும் தமது நுண்ணறிவுப் பரீட்சையை வெளியிட்டார்கள். ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வேறுபாடு என்பது போன்ற கேள்விகளும் அதில் இருந்தன. பாடசாலையில் விசேட உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளங்காண்பதே பினேயின் நோக்கம். பிறவியிலேயே அமைந்த மாறாத அறிவை அளக்கும் கருவியாக அவர் இதைக் கருதவில்லை. அத்திலாந்திக்கைக் கடந்தபோது இக்கருவியின் தன்மையே மாறிற்று. ஹென்றி கொடார்ட் 1913இல் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய யூத, இத்தாலிய, ஹங்கேரிய, ரஷ்யக் குடியேறிகளில் ஒரு தொகையினரை இதன்மூலம் பரிசோதிக்கச் செய்தார். களைத்து வந்தவர்கள், மொழிபெயர்ப்பாளரூடாகப் பதில் சொன்னவர்கள், பலர் பாடசாலையையே காணாதவர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் 'மந்தபுத்தியினர்' எனப் பதிவாயினர்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் றொபேர்ட் யேர்க்ஸின் தலைமையில் ஏறத்தாழ 17 இலட்சம் அமெரிக்கப் படையினர் பரீட்சிக்கப்பட்டனர். இரு சொற்களுக்கிடையிலான தொடர்பைக் கண்டு, அதே தொடர்பை மூன்றாவது சொல்லுக்குப் பொருத்துவது அப்பரீட்சையின் ஒரு பகுதி. அமெரிக்க வாழ்க்கையில் ஊறியவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்திகளைக் கேட்பது இன்னொரு பகுதி. இப்புள்ளிகளை வைத்து கார்ல் பிரிகம் 1923இல் எழுதிய நூல், தென், கிழக்கு ஐரோப்பியரை வட ஐரோப்பியருக்குக் கீழே நிறுத்தியது. தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகச் சுருக்கி, ஆசியருக்குக் கதவை ஏறத்தாழ முற்றாக அடைத்த குடிவரவுச் சட்டம் 1924இல் வந்தது. அச்சட்டம் இப்பரீட்சைகளால் மட்டும் பிறந்ததல்ல. இனவாதத்துக்கு அவை வேண்டியிருக்கவுமில்லை. ஆயினும் அந்த இனவாதம் விஞ்ஞானத்தின் உடையை அணிந்துகொள்ள அவை உதவின. 1930இல் பிரிகம் தன் முடிவுகள் ஆதாரமற்றவை என ஒப்புக்கொண்டார். சட்டமோ நிலைத்து நின்றது.

இனி, எதிர்த்திசையிலிருந்து வந்த ஒரு பரிசோதனையைப் பார்ப்போம். இனவாதத்தை மறுத்த, மார்க்சியத்தை ஏற்ற ஓர் உளவியலாளர் நடத்தியது அது. 1931இலும் 1932இலும் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குச் சென்றார். நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டுக்கொண்டிருந்த, எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கப்பட்டிருந்த காலம் அது. சிந்தனை முறை இனத்தால் அமைவதல்ல, சமூக வரலாற்றால் அமைவது என நிறுவுவதே அவருடைய எண்ணம்.

எழுத்தறிவற்ற விவசாயி ஒருவரிடம் நான்கு படங்கள் காட்டப்பட்டன: சுத்தியல், மரமரியும் வாள், மரக்குற்றி, கோடாலி. எது சேராதது? அவர் எதையும் வெளியே எடுக்க மறுத்தார். வாள் அரிப்பதும் கோடாலி பிளப்பதும் மரத்தைத்தானே, மரக்குற்றி இல்லாமல் இவை எதற்கு என்பது அவருடைய வாதம். வேறொருவர் மரக்குற்றியை நீக்கினார் என்று சொல்லிப் பார்த்தபோது, அந்த ஆளிடம் விறகு நிறைய இருக்கும் போலும் என்கிற தோரணையில் பதில் வந்தது. மாறாக, ஓரிரு வருடம் படித்த கூட்டுப்பண்ணை இளைஞர்கள் மூன்றும் 'ஆயுதங்கள்' என்று சொல்லி மரக்குற்றியை இலகுவாக நீக்கிவிட்டார்கள். படிப்பும் புதிய உழைப்பு உறவுகளும் மனிதரைக் காட்சிநிலைச் சிந்தனையிலிருந்து அருவச் சிந்தனைக்கு உயர்த்துகின்றன என்பது லூரியாவின் முடிவு.

இம்முடிவு சிறுபான்மைத் தேசிய இனங்களை இழிவுபடுத்துகிறதெனச் சோவியத் அதிகாரத்துவம் குற்றஞ்சாட்டியது. ஆய்வு நூலாக வெளிவர 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. தணிக்கையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் லூரியாவின் 'உயர்த்துகின்றன' என்ற சொல் விவாதத்துக்குரியதே. இனம் என்ற ஏணியை அவர் உடைத்தார். வரலாறு என்ற ஏணியை அதன் இடத்தில் சாத்திவைத்தார்.

லைபீரியாவின் க்பெல்லே விவசாயிகளிடம் மைக்கேல் கோலும் சகாக்களும் செய்த ஆய்வுகளிலிருந்து ஜோசப் கிளிக் 1975இல் ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்தார். உணவு, உடை, கருவி, சமையற் பாத்திரம் என நான்கு வகைக்குள் அடங்கும் 20 பொருள்களைத் தொகுக்கச் சொன்னால், அவர்கள் கத்தியைத் தோடம்பழத்துடன் வைத்தார்கள். அறிவுள்ளவன் இப்படித்தான் வைப்பான் என்றார்கள். சரி, ஒரு முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டதும், நான்கு வகைகளையும் பிசகின்றிப் பிரித்துக் காட்டினார்கள்! அவர்களுக்கு இயலாமை எதுவும் இருக்கவில்லை. எந்த அடிப்படை மதிப்புடையது என்பதில்தான் ஆய்வாளருடன் அவர்கள் வேறுபட்டார்கள்.

இங்கு எமது மரபு லூரியாவுக்கு எதிரான சாட்சியாகிறது. திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனச் சொற்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கிறது. அது பரீட்சைத் தாள் ஏற்கும் முறை. தொல்காப்பியத்தின் கருப்பொருளோ ஒரு நிலத்தின் மரத்தையும் பறவையையும் தெய்வத்தையும் தொழிலையும் யாழையும் ஒன்றாகக் கட்டுகிறது. குறிஞ்சியில் வேங்கைமரம், கிளி, முருகன், தேனெடுத்தல் ஆகிய நான்கில் சேராதது எது? எதுவுமில்லை. இது அந்த உஸ்பெக் விவசாயியின் முறைதான். எழுத்தறிவற்றோரின் குறைபாடாக அல்ல, இலக்கணம் கற்ற புலவரின் கோட்பாடாக அது எம்மிடம் இருந்திருக்கிறது. இரண்டு முறைகளும் ஒரே மொழிக்குள் அக்கம்பக்கமாக வாழ்ந்தன.

ஆக, பிரச்சினை புத்தி பற்றியதல்ல. நான்கு பொருள்களை வைத்தவுடனேயே இரண்டு தீர்மானங்கள் எடுக்கப்பட்டுவிடுகின்றன: ஒன்று வெளியே போகவேண்டும் என்பது முதலாவது, எந்த அடிப்படையில் என்பதைக் கேட்பவரே அறிவார் என்பது இரண்டாவது. பதில் சொல்பவருக்கு எஞ்சுவது கேட்பவரின் மனதை ஊகிப்பது மட்டுமே.

இதை நாம் அனுபவமாகவும் அறிவோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்பிடத்தை அடிப்படையாக வைத்து மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பரம்பரை பரம்பரையாகத் தமிழ் பேசி அம்மண்ணில் வாழ்ந்தவர்களை மொழி என்ற பொதுத் தொடர்பு காப்பாற்றவில்லை, அடிப்படை மாற்றப்பட்டுவிட்டது. முதலாவதை அநீதி என எழுதிய எம்மில் எத்தனை பேர் இரண்டாவதை அன்றே எழுதினோம்? பரீட்சைப் புதிரையும் மனிதரை விரட்டியதையும் நான் சமப்படுத்தவில்லை. சேராததை நீக்கு என்ற கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கத்தைப் பற்றியே பேசுகிறேன்.

பிள்ளைகளின் பயிற்சித் தாள்களைக் கிழிக்க வேண்டியதில்லை. அவர்கள் கோடிட்ட பின், வேறெந்தக் காரணத்தால் வேறெந்தச் சொல்லை எடுத்திருக்கலாம் என்றும், எல்லாம் சேர்ந்தே இருப்பதற்குக் காரணம் உண்டா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்வி எமது அரசியலுக்கும் தேவைப்படுகிறது.