சட்டத்தையே மருந்தாக்கிய டாக்டர் ராஜன்

நோய் பரவிய பின் மருந்து தேடி ஓடுவதைவிட, அது வரும் வழியை முன்கூட்டியே அடைப்பது மேலானது. இவ்வுண்மையைக் கோவை மக்கள் பெரும் உயிரிழப்பின் வாயிலாகவே உணர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் இந்நகரைப் பலமுறை வாட்டியது. அக்காலத்தின் துயரத்தை இங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களின் பெயர் இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது.

இத்தகைய கொள்ளை நோய்களுக்குச் சட்டத்தின் மூலம் தடுப்புத் தேடியது 1937ஆம் ஆண்டின் ராஜாஜி அமைச்சரவை. அதில் சுகாதாரப் பொறுப்பை வகித்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அவர்கள். 1880இல் பிறந்த ஸ்ரீரங்கத்துக்காரரான அவர், பர்மாவில் பணியாற்றி, இங்கிலாந்தில் உயர் மருத்துவம் பயின்று, திருச்சியில் மருத்துவமனை நடத்தினார். பின்னர் விடுதலைப் போரில் ஈடுபட்டார். 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது அவரது திருச்சி இல்லத்திலிருந்துதான்.

மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல், மேலவைக்கு நியமிக்கப்பட்டே அவர் அமைச்சரானார். இதற்கு அன்றே கண்டனம் எழுந்தது; அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதே அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றிருந்தவர் நம் சமுதாயத்தின் பெருந்தலைவர் யாகூப் ஹசன் சேட் அவர்கள். கல்வித் துறையைக் கவனித்தவர் கொங்கு மண்ணின் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் அவர்கள். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் இந்த ஆட்சியே.

1939இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, சந்தை, திருவிழா என அனைத்தையும் அது ஒரே சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. நகராட்சிகள் தம் வருவாயில் 30 விழுக்காட்டைச் சுகாதாரத்திற்கு ஒதுக்க வேண்டும் என்றும் விதித்தது. உலகப் போரையொட்டி அவ்வாண்டு அக்டோபரிலேயே அமைச்சரவை பதவி விலகியது. ஆனால் சட்டம் நிலைத்தது. கொரோனாக் காலத்தில், 2020இல், விதிமீறலுக்கு அபராதம் விதிக்கத் தமிழக அரசு திருத்தியதும் இச்சட்டத்தையே.

மருத்துவமனையில் ஒரு மருத்துவர் நாளொன்றுக்குச் சில நூறு பேரைப் பார்க்கலாம். சட்டமோ அவர் காணாத கோடிப் பேரையும் காக்கிறது. நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் பயில்கின்றனர். அவர்களுள் சிலரேனும் நகராட்சி மன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் மக்கள் வாக்கைப் பெற்றே செல்ல வேண்டும். அதற்கு ஊக்கமளிப்பது ஜமாஅத்தாராகிய நமது கடமையாகும்.