சுமைச்சட்டமும் வேட்டைத் தொழிலும்: ஒரு வரலாற்று நோக்கு

வேட்டை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆயுதம் பற்றியனவாகவே அமைந்துள்ளன. வில்லும் ஈட்டியும் துப்பாக்கியும் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு, வீழ்ந்த விலங்கை உறைவிடம் கொண்டுவந்து சேர்த்த கருவி ஈர்க்கவில்லை. ஆயினும் வேட்டையின் உழைப்பிற் பெரும்பகுதி விலங்கு விழுந்த பின்னரே தொடங்குகின்றது. அலாஸ்காவின் மூஸ் மானை எடுத்துக்கொள்வோம். 1,600 இறாத்தல் நிறையுள்ள ஒரு மூஸ் ஏறத்தாழ 500 இறாத்தல் இறைச்சி தரும் என்பது அம்மாநில வனவிலங்குத் திணைக்களத்தின் கணிப்பு. ஒருவர் ஒரு நடைக்கு நூறு இறாத்தல் சுமந்தாலும் சதுப்பு நிலத்தினூடே ஐந்து முறை போய்வர வேண்டும். கூடாரமும் உணவும் துப்பாக்கியும் இக்கணக்கிற் சேரவில்லை.

இச்சுமைக்கென உருவான கருவியே சுமைச்சட்டம். நெடுக்காக இரு தண்டுகள், குறுக்காகச் சில சலாகைகள், தோளில் மாட்ட இரு வார்கள் என்பதே அதன் அடிப்படை அமைப்பு. சட்டமில்லாத பையிற் பாரம் கீழே தொய்ந்து தோள்களைப் பின்னோக்கி இழுக்கும். சுமப்பவர் முன்னே வளைந்து அதனை ஈடுசெய்ய வேண்டியவராகிறார். விறைப்பான சட்டமோ பாரத்தை முதுகுக்கு அண்மையில், உயரத்தில் நிறுத்துகின்றது. இடுப்புப்பட்டியும் சேரும்போது பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்குகின்றது. ஈரமும் வழுக்கலும் ஒழுங்கற்ற உருவமும் கொண்ட ஒரு பின்னந்தொடையைப் பையிலிட்டுச் சுமப்பதற்கும் சட்டத்திற் கட்டிச் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

எத்தகைய சட்டம் சிறந்தது என்பதை நிறை, விலை, மூலப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிப்பது சந்தையின் வழக்கம். வரலாற்று நோக்கில் அதற்கு முந்திய வினா ஒன்றுண்டு: சுமந்தவர் யார்? வேட்டையாடியவரும் சுமந்தவரும் ஒருவரேயா? சுமைச்சட்டத்தின் வளர்ச்சியையும் தேக்கத்தையும் விளக்குவதற்கு இவ்வினாவே திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1991 செப்டெம்பரில் ஆஸ்திரிய இத்தாலிய எல்லையில், ஏறத்தாழ 3,200 மீற்றர் உயரத்திற் பனியினுள் கண்டெடுக்கப்பட்ட 'ஓட்சி' என்னும் மனிதரின் உடலும் உடைமைகளும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. செம்பு வெட்டும் பகுதி கொண்ட கோடரி, முற்றுப்பெறாத வில், அம்புகள் ஆகியவற்றோடு, லாட வடிவில் வளைக்கப்பட்ட ஹேசல் மரக்கோலும் லார்ச் மரச் சலாகைகள் இரண்டும் அங்கு கிடைத்தன. இவற்றை முதுகுச் சட்டத்தின் எச்சமாகவே பெரும்பாலோர் கொள்வர். பனிக்காலணியின் பகுதி எனக் கருதுவோரும் உளர். பெரும்பான்மைக் கருத்தை ஏற்பின், மலையாட்டினதும் செம்மானினதும் இறைச்சியை இறுதியாக உண்ட அம்மனிதர் தம் சுமையைத் தாமே காவியவர் என்பது பெறப்படும்.

சட்டம் ஒன்றே வழியாக இருந்ததுமில்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் நெற்றியிலோ உச்சந்தலையிலோ பொருந்தும் ஒரு வாரினாற் பெரும்பாரம் சுமந்தனர். மென்மயிர்த் தோல் வணிகம் அவ்வாரை அப்படியே தனதாக்கிக்கொண்டது. ஆற்றுவழி முடியுமிடங்களில், கம்பனிகளின் படகோட்டிகள் தொண்ணூறு இறாத்தற் பொதிகள் இரண்டை ஒரே நடையில் தூக்கிச் சென்றனர். நீர்நாய்த் தோல் ஐரோப்பியச் சந்தையை அடைந்த வழியிற் கூலிக்குச் சுமந்தவனின் நெற்றியும் ஒரு கட்டமாகும்.

குடியேற்ற ஆட்சிக்காலப் பெருவேட்டையில் இந்நிலை மேலும் தெளிவாகின்றது. 1909-1910 இல் அமெரிக்க முன்னாள் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆபிரிக்காவில் நடத்திய பயணத்தில் அவரும் அவர் மகனும் சுட்ட விலங்குகள் 512. தோல்களைப் பதப்படுத்தவென நான்கு தொன் உப்பு கொண்டு செல்லப்பட்டது. பயணத்தின் பாரத்தை இருநூறுக்கு மேற்பட்ட ஆபிரிக்கச் சுமைகாவிகள் சுமந்தனர். அப்பிரதேசத்தில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட வழமையான சுமை 60 இறாத்தல், அது தலைச்சுமை. நம் நாட்டிலும், 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கரின் வேட்டைநூல் துப்பாக்கிகளின் துளையளவை நுணுக்கமாகப் பேசுகின்றது. கூடாரத்தையும் உணவையும் தூக்கிச் சென்ற 'கூலிகள்' அங்கு பெயரற்ற கூட்டமாகவே தோன்றுவர். துப்பாக்கியைத் திருத்துவதில் இத்துணை அக்கறை காட்டிய வர்க்கம் சுமைக்கருவியைத் திருத்த எண்ணாமைக்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. பாரம் தன் முதுகில் இல்லாதவனுக்கு அத்தேவை எழவில்லை. மலிந்த மனித உழைப்பே அவனுடைய சுமைச்சட்டமாக இருந்தது.

வேட்டையாடியவரே சுமக்க நேர்ந்த இடங்களில் நிலைமை வேறாக இருந்தது. நோர்வேயில் ஓலே பெர்கன் என்பார் 1908 இல் வேட்டைக்குச் சென்றபோது, முதுகை உறுத்திய பையினால் அலுப்புற்று, ஜூனிப்பர் மரக்கிளையொன்றைத் தம் முதுகின் வடிவுக்கு வளைத்துப் பொருத்தினார் என்பர். 1909 இல் அவர் காப்புரிமை பெற்ற உலோகச் சட்டப்பையின் பெயர் பிரித்தானியப் படைவழக்கில் முதுகுப்பைக்கே பொதுப்பெயராயிற்று.

அமெரிக்காவின் லொயிட் நெல்சனின் வரலாறு இதனினும் சிந்தனைக்குரியது. 1920 இல் அலாஸ்காவுக்குச் சென்ற அவர், வில்லோக் கோல்களின் மீது கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிய பூர்வகுடிச் சுமைச்சட்டம் ஒன்றை இரவல் வாங்கிச் சுமந்தார். ஊர் திரும்பிய பின், மரச்சட்டமும் இறுகக் கட்டிய கித்தானும் கழற்றத்தக்க பையுமாக அதனை மாற்றியமைத்து, 1924 இல் காப்புரிமை பெற்றார். 'டிரப்பர் நெல்சன்' என்னும் பெயரில் வேட்டைக்காரரிடையேயும் வனத்திணைக்கள ஊழியரிடையேயும் அது பெரிதும் பரவியது. இரவல் பெற்ற கதையை அவர்கள் மறைக்கவில்லை. விளம்பரத்துக்கு அது உதவியுமிருக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கோலையும் தோலையும் சோதித்து அவ்வடிவத்தை நிலைநிறுத்திய சமூகத்துக்கு அக்காப்புரிமையில் இடமில்லை. கூட்டறிவு தனியுடைமையாகும் முறைக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

உழைப்பாளர் தாமே செப்பனிட்ட சட்டத்துக்குக் கொரியாவின் 'ஜிகே' சான்று. இயல்பாகக் கவர்விட்ட இரு மரங்களை மேலே குறுகவும் கீழே அகலவும் இணைத்து, பின்னே நீளும் கவர்களிற் பாரத்தை ஏற்றி, வைக்கோற் பின்னலால் தோளில் மாட்டுவர். கையிலுள்ள கோல் நடக்கும்போது ஊன்றுகோல். நிற்கும்போது சட்டத்துக்கு முட்டு. தமிழ்ப் பிரதேசங்களின் தெருவோரச் சுமைதாங்கிக் கற்கள் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றன. தலைச்சுமை காவுபவர் பிறர் உதவியின்றி இறக்கவோ ஏற்றவோ இயலாமையாலேயே, அக்கற்கள் வேண்டியவாயின. கொரிய விவசாயி தன் சுமைதாங்கியைக் கையிலேயே கொண்டு நடந்தான். 1950-1953 யுத்தத்தில், வாகனங்கள் ஏறமுடியாத குன்றுகளில் அமெரிக்கப் படைகளுக்கு வெடிமருந்தும் உணவும் இச்சட்டங்களிலேயே சென்றன. சுமந்தவர் கொரியக் குடிமக்கள்; சட்டத்தின் உருவம் கருதி, அவர்களை 'ஏ எழுத்துச் சட்டப் படை' என அமெரிக்கர் அழைத்தனர்.

1952 இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ற்றி வளைந்த அலுமினியக் குழாய்ச் சட்டங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். பாரத்தை இடுப்புக்கு இறக்கும் பட்டி அவற்றாற் பரவலாயிற்று. 1963 இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு கெல்ற்றியின் சட்டங்களைக் கொண்டு சென்றது. அதே குழுவின் பொருட்களை மலையடிவாரம் வரை கொண்டு சென்றவர்கள் 900 க்கும் மேற்பட்ட சுமைகாவிகள். நேபாளச் சுமைகாவியின் வழமையான கருவி நெற்றிவாராகும். ஒரே பயணத்தில், ஒரே பாதையில், இரு வேறு உற்பத்தி உலகங்கள் நடந்து சென்றன.

1967 இல் கிரெக் லோ உட்சட்டப் பையை உருவாக்கிய பின், மலையேறுவோரும் நெடுநடையினரும் படிப்படியாக அதற்கு மாறினர். உடலோடு ஒட்டி அசைவதால் செங்குத்தான சரிவுகளில் அது சமநிலை தருகின்றது. வேட்டையாடுவோரிற் பலர் வெளிச்சட்டத்தைக் கைவிடாமையைப் பழமைப்பற்று எனக் கூறுவோருளர். அது பொருந்தாது. நடையினரின் சுமை உணவு குறையக் குறைய இலேசாகும். வேட்டையாடியின் சுமையோ திரும்பும்போது பன்மடங்காகும். போகும்போது சிறு பை, வரும்போது நூறு இறாத்தல் என்னும் முரணுக்கு விடையாகவே பை வேறு, சட்டம் வேறு என்னும் அமைப்பு நிலைத்தது. கீழே நீட்டிய தட்டில் இறைச்சிப் பாரம் அமரும். பையைக் கழற்றினால் இரத்தக்கறை சட்டத்தோடு நிற்கும். அண்மைக்கால வேட்டைச் சட்டங்கள் சில கரிநாரினால் ஆனவை. பையைச் சட்டத்திலிருந்து தளர்த்தி, இரண்டுக்கும் இடையே இறைச்சியை முதுகோடு நெருக்கிக் கட்டும் வகையில் அவை அமைந்துள்ளன. மூலப்பொருள் மாறினும் அலாஸ்காப் பூர்வகுடிகள் தீர்த்த பிரச்சினையே இன்றும் தீர்க்கப்படுகின்றது.

வாங்குவோர் தம் உடல்நீளத்துக்கு இடுப்புப்பட்டி பொருந்துகிறதா என்று நோக்குவர், அது நியாயமே. ஆனால் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை அங்கு அவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. கொம்புக்காக விலங்கைக் கொன்று இறைச்சியைக் காட்டில் விட்டுச் செல்லும் பழக்கத்துக்கு எதிராக, உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவதை அலாஸ்காச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சில பிரிவுகளிற் கால், விலா இறைச்சியை எலும்போடேயே வெளியே கொண்டுவர வேண்டும் என்பதால், சுமை மேலும் கனக்கும். கொம்பை இறைச்சிக்கு முந்திக் கொண்டுவருவதற்கும் பொதுவாக அனுமதியில்லை. கடைசி நடையிலேயே அது சட்டத்தில் ஏறலாம்.