வெதிரும் வெதுருவும்: வேங்கட எல்லையில் ஒரு மூங்கிற் சொல்

சித்தூர் மாவட்டக் காணிப்பாக்கத்திற்கு வடகிழக்கே, திருப்பதியைச் சூழ்ந்த சேசாசல மலைக்காடுகளில், மழை குறைந்த சரிவுகளிலும் தழைப்பது கல்மூங்கில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராக்ஸ்பரோ சூட்டிய ‘ஸ்டிரிக்டா’ என்னும் அடைமொழியே, இன்று வழங்கும் ‘டெண்ட்ரோகலாமசு ஸ்டிரிக்டசு’ என்னும் பெயரிலும் தொடர்கிறது. இவ்வட்டாரத் தெலுங்கர் மூங்கிலை ‘வெதுரு’ என்பர். தமிழர் ‘மூங்கில்’ என்பர்.

வெதுரு தமிழுக்கு அயற்சொல் அன்று. சங்க இலக்கியத்தின் ‘வெதிர்’, தெலுங்கு ‘வெதுரு’, கன்னட ‘பிதிரு’ ஆகியன ஒருவேர்க் கிளைகள். கன்னடத்தில் மொழிமுதல் வகரம் பகரமாயிற்று, எகரம் இகரமாயிற்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடத்தின் அடிவாரத்தில் இச்சொல் அன்றாடப் பேச்சில் வாழ, தமிழிலோ ஏட்டோடு நின்றுவிட்டது.

தமிழில் மூங்கிலுக்குப் பெயர் பல. ‘வேய்’ வேய்ங்குழலிலும், ‘கழை’ கழைக்கூத்திலும் எஞ்சியுள்ளன. குறிஞ்சிப்பாட்டு ‘வேரல்’, ‘உந்தூழ்’ என இரண்டைத் தனித்தனியே கூறும். உரைகாரர் முன்னதைச் சிறுமூங்கில் என்றும் பின்னதைப் பெருமூங்கில் என்றும் கொள்வர். இவற்றையெல்லாம் ‘மூங்கில்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது எளிது. ஆயின் பொருள் குறைபடும். குழலுக்கு உள்துளை வேண்டும். வறண்ட நிலத்துக் கல்மூங்கிலுக்கோ அது மிகச் சிறிது, சிலபோது இல்லை. ஆகவே அது ஊன்றுகோலுக்கும் தார்க்கோலுக்கும் ஏணிக்கும் ஈட்டிக்காம்புக்கும் ஏற்றது. பிளந்து கூடையும் முறமும் முடைவர். ஈரநிலத்தில் இதே இனம் துளையுடையதாக வளரும் என்பதையும் கருதவேண்டும். பெயரை வைத்து இனத்தை அறுதியிடுவோர் இங்கு இடறுவர்.

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுக்கும். மூங்கில் புல்லினம் என்பதே இன்றைய தாவரவியல் முடிபும். உள்ளும் இறுகிய கல்மூங்கில் அவ்விலக்கணத்திற்குச் சற்று முரண்டுபிடிக்கும் பயிர்.

கல்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, நெல் போன்ற விதையை உதிர்த்து மடியும். பஞ்சக்காலத்தில் மக்கள் அவ்விதையை உண்டனர். புறநானூற்றின் 109ஆம் பாட்டில், பறம்புமலையில் உழவர் உழாது விளையும் நான்கனுள் முதலாவதாகக் கபிலர் வைப்பதும் வெதிரின் நெல்லே. அப்பாட்டிற்கு உரையெழுதும் இன்றைய தமிழர் ‘வெதிர்’ என்பதை ‘மூங்கில்’ என மாற்றியே தீரவேண்டும். தெலுங்கில் பெயர்ப்பவருக்கு அத்தேவை இல்லை. சொல் அவர் வாயிலேயே உள்ளது.