கப்சாயிலிருந்து பெரிய மோட்டாருக்கு: வீட்டில் பேசி முடிவெடுக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டத்து வீடுகளில் மோட்டார் சைக்கிள் என்றுமே ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. பால் வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போனது அதில்தான். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டதும், டவுனிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்ததும் அதே கப்சாய்தான். இன்று அந்த வீட்டுப் பிள்ளை ஆயர் கெரோவிலோ பத்து பெரண்டாமிலோ தொழிற்சாலை வேலையில் சேர்கிறான். இரண்டு வருஷம் சம்பளம் பார்த்ததும், "அப்பா, பெரிய மோட்டார் எடுக்கப் போறேன்" என்கிறான். அம்மாவின் பதில் உடனே வரும்: "இருக்கிற மோட்டாருக்கு என்னடா குறைச்சல்?"

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பிள்ளையின் ஆசையிலும் தவறில்லை. ஆனால் இரண்டு தரப்பும் 'சிசி' எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவதால், பேச வேண்டிய விஷயங்கள் பேசப்படாமலே போய்விடுகின்றன.

எந்த உரிமம், எந்த மோட்டாருக்கு?

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று வகை. 250 சிசி வரை பி2, 500 சிசி வரை பி1, அதற்கு மேல் முழு பி. நம் இளைஞர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பி2. யமஹா ஒய்15, ஹோண்டா ஆர்எஸ்-எக்ஸ் ஆகியவை மட்டுமல்ல, பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் யமஹா ஆர்25, கவாசாக்கி நிஞ்சா 250 ஆகியவையும் பி2-வுக்குள் அடங்கிவிடும். மொடெனாஸ் டோமினார் 400 என்றால் பி2 போதாது. யமஹா எம்டி-07 போன்ற 689 சிசி மோட்டாருக்கு முழு பி கட்டாயம். எப்படியும் மேலே போகிறவர்கள் பெரும்பாலும் பி1-ஐத் தாண்டி நேராக முழு பி-க்கே போகிறார்கள். வாகனமோட்டும் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி எடுத்து, சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) தேர்வில் தேற வேண்டும்.

பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். "மோட்டாரை எடுத்துடுவோம், லைசென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, உரிய உரிமம் இல்லாமல் ஓட்டுபவரை மட்டும் குறிவைப்பதில்லை. அப்படி ஓட்ட அனுமதிப்பவரும் அதில் சிக்குவார். கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று மோட்டாரை அப்பா பெயரில் பதிந்திருந்தால், மகன் பி2-வை வைத்துக்கொண்டு 600 சிசி ஓட்டுவது அப்பாவுக்கும் வழக்குதான்.

காப்புறுதியும் இதோடு சேர்ந்தது. உரிய உரிமம் இல்லாதவர் விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்கவோ, மூன்றாம் தரப்புக்குக் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்கவோ வழியுண்டு. தோட்டத்திலிருந்து வெளியேறி ஒரு மலிவு விலை வீடு வாங்கிய குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய அடி அல்ல.

பெரிய மோட்டார்தான் ஆபத்தா?

பெற்றோரின் பயம் கற்பனை இல்லை. நாட்டில் 2022-இல் 6,080 பேரும், 2023-இல் 6,443 பேரும் சாலை விபத்துகளில் இறந்தனர். ஆண்டுதோறும் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆனால் நம் சாலைகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை 150 சிசிக்கு உட்பட்டவை. எனவே அம்மா பாதுகாப்பானது என்று நம்பும் கப்சாயிலும்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். "சின்ன மோட்டார்தானே, ஒண்ணும் ஆகாது" என்ற நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

அதற்காக, பெரிய மோட்டாரும் அதே அளவு ஆபத்துதான் என்று பிள்ளைகள் வாதாடினால், அதுவும் முழு உண்மை இல்லை. எந்த ரகம் என்பது முக்கியம். அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பதிவான வாகன எண்ணிக்கையை வைத்துப் பார்த்தபோது, பந்தய மோட்டாரின் சாயலில் செய்யப்படும் 'சூப்பர்ஸ்போர்ட்' ரகத்தை ஓட்டுபவர்களின் மரண விகிதம் சாதாரண ரகங்களை ஓட்டுபவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. ஆக, 500 சிசியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மோட்டாரும், 600 சிசியில் குனிந்து படுத்து ஓட்டும் மோட்டாரும் ஒன்றல்ல. சிசியில் வித்தியாசம் நூறுதான். ஓட்டுபவரின் கையைத் தூண்டும் விதத்தில் வித்தியாசம் மிகப் பெரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981-இல் அமெரிக்காவில் ஹேரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவற்றில் சுமார் நான்கில் மூன்று, இன்னொரு வாகனத்தோடு மோதியவை. எதிரில் வந்த காரோட்டி மோட்டாரைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பியது பெரிய காரணமாக இருந்தது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் முறையான பயிற்சி எடுக்காதவர்கள். குடும்பத்தாரிடமும் கூட்டாளிகளிடமும் பார்த்துப் பழகியவர்கள். நம் தோட்டங்களில் 12 வயதிலேயே செம்மண் பாதையில் அப்பாவின் மோட்டாரை ஓட்டிப் பார்த்த பையன்களை நினைத்தால், இந்த எண் நமக்கும் எங்கோ இடிக்கும்.

கையிலும் காலிலும் என்ன மாறுகிறது?

ஒய்15 சுமார் 117 கிலோ எடை, சுமார் 15 குதிரைத்திறன். எம்டி-07 சுமார் 184 கிலோ, 70-க்கு மேல் குதிரைத்திறன். எடை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. வலிமையோ ஐந்து மடங்கை நெருங்குகிறது. கப்சாயில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினால் மோட்டார் முனகிக்கொண்டே வேகம் எடுக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். பெரிய மோட்டாரில் கால்வாசி முறுக்கினாலே, யோசிப்பதற்குள் அடுத்த விளக்குக் கம்பம் வந்துவிடும்.

பிரேக் அதைவிட முக்கியம். கப்சாயில் வளர்ந்தவர்களுக்கு வலது கால்தான் பிரேக். முன் பிரேக்கைப் பிடித்தால் "குப்புறத் தூக்கிப் போட்டுடும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். உண்மையில் மோட்டார் நிற்கும்போது எடை முழுவதும் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் சக்தியின் பெரும் பங்கு முன் சக்கரத்திலிருந்தே வருகிறது. முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கப் பழகாதவர் பெரிய மோட்டாரை ஓட்டுவது, பாதி பிரேக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதற்குச் சமம். ஈர சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். 2025 ஜனவரி முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு அது கட்டாயம் என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. பழைய மோட்டார் வாங்குவோருக்கு அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெற்றோர் ஒரே ஒரு நிபந்தனைதான் போடலாம் என்றால், ஏபிஎஸ்ஸைப் போடுங்கள்.

வேகக் கணக்கும் மாறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது, ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்கத் தொடங்கும் அந்த ஒரு விநாடியில் மோட்டார் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். 110-இல் அது 30 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்தக் கணக்குக்கு சிசி தெரியாது.

நம் சாலைகள் எப்படி?

பிள்ளைகள் சொல்லும் ஒரு காரணத்தைப் பெற்றோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வீட்டுக்கு வருபவர்கள் ஏராளம். ஜொகூர் பாருவிலிருந்து மலாக்காவுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். 110 கிலோமீட்டர் வேக வரம்புள்ள வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், 80-லேயே நடுங்கும் கப்சாயைப் பேருந்தும் லாரியும் ஒட்டி முந்தும்போது காற்றே தள்ளிவிடும். அந்தத் தூரத்துக்கு எடையும் நல்ல பிரேக்கும் உள்ள நடுத்தர மோட்டார் பொருத்தமான சாதனம்தான். மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பதும் இளைஞர்களை நெடுஞ்சாலைக்கு இழுக்கிறது.

ஆனால் அன்றாட ஓட்டம் வேறு. அலோர் காஜா, மலாக்கா, ஜாசினை இணைக்கும் ஏஎம்ஜே சாலையில் சந்திப்புகளும் சமிக்ஞை விளக்குகளும் அதிகம். தெரியாத காரோட்டி குறுக்கே திரும்பும் விபத்துக்கு ஏற்ற இடம் அது. லுபோக் சீனா, மஸ்ஜிட் தானாவிலிருந்து மெர்லிமாவ் வழியாக மூவார் போகும் 5-ஆம் எண் சாலையில் பள்ளி, கடை, கம்போங் சந்து எல்லாம் சாலையோரமே. தோட்டத்துப் பாதைகளைச் சொல்லவே வேண்டாம். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896-இல் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கியது. அந்தக் காலத்து வளைவுகளில் இன்று செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. லாரி உதிர்த்த பழம், முகப்பில் தாருக்கு வழிந்து வந்த செம்மண், மழைக்குப் பின் வழுக்கும் சகதி ஆகியவை அகலமான டயர் போட்ட கனத்த மோட்டாரையும் சாய்த்துவிடும். சாய்ந்தால் 184 கிலோவை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரரே தூக்கிக் காட்டுவார், கேளுங்கள்.

வளைவைப் பற்றி ஒரு சொல். வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்ட புதியவர் பயந்து, சாலையோர மரத்தையே பார்ப்பார். கண் போகும் இடத்துக்குத்தான் மோட்டாரும் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வெளியேறும் திசையைப் பார்த்து ஓட்டுவது தானாக வராது, பழகிப் பழகித்தான் வரும். தேர்வுத் திடலில் கூம்புகளைச் சுற்றி மெதுவாக ஓட்டித் தேறுவது இதற்குப் போதாது. உரிமம் கிடைத்த பிறகும் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குக் காசு கொடுப்பது, சத்தமான சைலன்சர் மாற்றுவதைவிட நல்ல செலவு. சைலன்சர் மாற்றினால் சம்மனும் வரும், பக்கத்து வீட்டு ஏச்சும் வரும்.

மோட்டார் விலைக்கு மேல் எவ்வளவு?

சாலை வரியே கதை சொல்லும். 150 சிசி வரை ஆண்டுக்கு 2 ரிங்கிட்தான். 250-க்கு மேல் 500 வரை 100 ரிங்கிட், 500-க்கு மேல் 800 வரை 250 ரிங்கிட். டயர், செயின், பிரேக் கட்டை எல்லாமே கப்சாய் விலையைப் போல் பல மடங்கு.

பாதுகாப்பு உடைக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். தலைக்கவசம் அணிவது மலேசியாவில் 1973 முதல் சட்டம். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அது மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகத் தெரிந்தது. சிரிம் முத்திரையும், தாடையை மூடும் அமைப்பும் இருக்கட்டும். கையுறை, கணுக்கால் மூடும் காலணி, முழங்கையில் திண்டு வைத்த ஜாக்கெட் ஆகியவற்றை "வெயில்ல யாரு போடுறது" என்று ஒதுக்கினால், அம்மாவிடம் வாதாடும் தகுதி பாதி போய்விடும்.

கடனுக்கு அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மகன் தவணை கட்டத் தவறினால், கடன்காரர் நேராக ஜாமீன்தாரரிடம்தான் வருவார். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது பாசக் குறைவு ஆகாது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பெயருக்கேற்ப அடுத்தவருக்கு. ஓட்டுபவரின் கால் முறிந்தால் அது பணம் தராது. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தால் பெர்கேசோ (சொக்சோ) பாதுகாப்பு உண்டு. வேலை முடிந்து சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பிப் போயிருந்தால் கோரிக்கை சிக்கலாகலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு போகும் சவாரிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்து வைப்பது நல்லது.

பழைய மோட்டாரைப் பார்க்கப் போகும்போது

முதல் பெரிய மோட்டாரைப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழகும் மாதங்களில் ஒரு தடவையாவது கீழே சாயும், புதிய மோட்டாரில் அந்தக் கீறல் நெஞ்சில் விழும். பழையது பார்க்கப் போனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். இருபது வருஷம் கப்சாயைத் தானே பிரித்துப் பூட்டியவரின் கண்ணுக்கு, எண்ணெய்க் கசிவும் வளைந்த ஹேண்டலும் சீக்கிரம் தெரியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது வாங்காதீர்கள். ஆறவிட்டு, முதல் தடவை எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் பிடிக்காது. இரண்டு டயரின் விலையையும் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.